கன்று வீச்சு

சாயங்காலம் ஆறு மணிக்குக்
கொருக்குப்பேட்டையில் கேட் போடுவார்கள்.
எண்ணெய் டேங்கர்கள் ஊர்ந்து ஊர்ந்து போகும்.
அந்நேரத்துக்குத்தான் எத்திராஜுக்கும் காய்ச்சல் ஏறும்.
விடிகாலையில் வேர்த்துக் கொட்டி இறங்கும்.
பாயை உதறினால்
நனைந்த வைக்கோல் வாடை.

மலேரியா என்றார் முனை வீட்டு டாக்டர்.
டைபாய்டு என்றார் அதற்கடுத்தவர்.
இடுப்புக்கு நான் எண்ணெய் தேய்த்தேன்.
பக்கத்து வீட்டு ஜரினா தர்காவில் ஓதி
கயிறு கட்டிவிட்டாள்.
நாலு மாதம்.
பதினோரு கிலோ.

ஸ்டான்லியில் ஒரு சின்னப் பெண் டாக்டர்
கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
யாரும் கேட்காததைக் கேட்டாள்:
"மாடு நல்லாருக்கா?"

சிரித்துவிட்டேன்.
அப்புறம் சொன்னேன்,
பொட்டு ஏழாம் மாதம் கன்று வீசியதை.
மழை. கரண்ட் இல்லை.
நான் பிடித்த செல்போன் வெளிச்சத்தில்
முழங்கை வரை விட்டு இழுத்தான்.
குளம்பெல்லாம் மெழுகு மாதிரி.
நஞ்சுக்கொடி விழவில்லை,
அதையும் கையாலேயே பிய்த்தான்.
முந்தின நாள் தகரம் கிழித்த கை.
சாக்கில் சுற்றிக் கால்வாய்க்கரையில் புதைத்தான்.
புதைத்ததாகச் சொன்னான்.

"பால காய்ச்சித்தான் குடிப்பாரா?"
கறந்த சூட்டோடு ஒரு லோட்டா,
மீசை முளைத்த நாளிலிருந்து.
அதைத்தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வான்.

புரூசெல்லா.
பெரம்பூர் ரயில்வே ஸ்கூல் மிஸ் பேர் மாதிரி இருக்கிறது
என்றான், காய்ச்சலிலும் கொழுப்பு.
ஆறு வாரம் மாத்திரை.
முதல் நாள் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போக
"ரத்தம்டீ" என்று கத்தி
சந்தையே கூட்டினான்.

மனுஷனுக்கு ஆறு வாரம்.
பொட்டுக்கு?
வேப்பேரி மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்தவர்
தனியாகக் கட்டு என்றார்,
பாலை விற்காதே, மாட்டையும் விற்காதே.
பின்னே என்னதான் செய்ய என்றேன்.
பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

புரோக்கர் தணிகாசலம் வந்து மடியைத் தட்டினான்.
"முப்பத்திரண்டு தரேன்.
மீஞ்சூர்ல ஒரு கைப்புள்ளக்காரி கேக்குறா."
நோட்டு எண்ணும் சத்தம்.
வாய் திறந்தேன்,
என்ன வரப்போகிறதென்று
எனக்கே தெரியாமல்.
"கன்னு வீசின மாடு. மனுசங்களுக்கும் ஒட்டும்."
அவன் பணத்தை மடித்துக்கொண்டான்.

நான் மீஞ்சூருக்குச் சொன்னேன்,
அவன் எங்கள் தெருவுக்குச் சொன்னான்.
இருட்டுவதற்குள்
டீக்கடைக்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஆனாலும் வேளைக்குக் கத்துகிறாள் பொட்டு.
மடி கட்டினால் அவளுக்கும் வலிதானே.
கையுறை மாட்டிக் கறக்கிறேன்.
ரப்பர் வழியாகவும் சூடு தெரிகிறது.
நுரை அடங்குமுன்
பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறேன்,
வெள்ளை மேல் வெள்ளை.
என்னைப் பார்த்துக்கொண்டே
அசை போடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை
என் கையிலும் ரத்தம் எடுத்தார்கள்.
வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கேட் போட்டாயிற்று.
கையுறையை உருவிப்போட்டு, சோப்புப் போட்டு,
நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கிறேன்.
கறந்த கை இது.
இதற்கு என்ன தெரியும், சூட்டைப் பற்றி.