ஸ்டெப்னி இல்லாத வண்டி

எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.
அதைத் தண்டையார்பேட்டையில் ஒரு கம்பத்தோடு பூட்டிவிட்டு
எட்டு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரம் என்று
அடுத்தவர் சாவியை வாங்குகிறேன்.
ஆக்டிங் டிரைவர்.
நடிப்பெல்லாம் இல்லை,
ஓட்டுவது நிஜம்தான்.

அண்ணன் தம்பி மூன்று பேர்.
ராயபுரத்தில் அப்பா விட்டுப்போன ஒரே கட்டடத்தில்
இப்போது மூன்று போர்டு, மூன்று வாசல்,
மூன்று கிளியரிங் ஏஜென்சி.
பாக்கியநாதனுக்கு பென்ஸ்.
சவரிராஜுக்கு பிஎம்டபிள்யூ.
எட்வினுக்கு ஆடி.
விலையில் கொஞ்சம், நீளத்தில் விரற்கடை,
அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே தேசத்துப் பிள்ளைகள்.
மூன்று பேரும் பேசிக்கொள்வதில்லை.
மூன்று பேருக்கும் நான்தான் ஓட்டுகிறேன்.

பென்ஸில்
கை பழகிய இண்டிகேட்டர் இடத்தில் கியர்.
முதல் வாரம் கல்மண்டபத்தில் திரும்பப் போய்
நியூட்ரலில் நின்றேன்.
பின்னாலிருந்த மாநகரப் பேருந்து
என் அம்மாவை விசாரித்தது.
ஆனால் கதவைச் சாத்தினால் போதும்,
எண்ணூர் சாலையின் அத்தனை கன்டெய்னரும் ஊமை.

பிஎம்டபிள்யூ மறைக்கத் தெரியாதது.
சாலையில் ஒரு நட்டு கிடந்தால்
அதன் மரை வரைக்கும் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும்.
டயர், கல்.
மணலி போய் வந்தால் இடுப்பு தனியாக பில் போடும்.
ஆனாலும் காலி ரோட்டில் ஒரு மிதி மிதித்தால்
நானே முதலாளி, நாலு நொடிக்கு.

ஆடி முன்சக்கரத்தால் இழுக்கும்,
கடைக்குக் கையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை மாதிரி.
உள்ளே, கால்மாட்டில்கூட விளக்கு. முப்பது நிறம்.

காசிமேட்டைத் தாண்டும்போது மட்டும்
எந்த வண்டியானாலும் ஒரே பொத்தானைத் தேடுகிறேன்,
வெளிக்காற்றை அடைக்க.
நான் பிறந்து மூச்சு விட்ட காற்று அது.

"அவன் வண்டி இன்னும் இழுக்குதா?"
ஜன்னலிடம் கேட்பார் பாக்கியநாதன்.
எவன் என்று நானும் கேட்பதில்லை.
"இழுக்குது சார்."
சவரிராஜ் மைலேஜ்தான் கேட்பார்.
பென்ஸ் பதினொன்று தருது என்றேன் ஒருநாள்.
"ஏசியைக் குறைச்சு வையேன்பா,
அவருக்குச் சளி புடிக்கும்."
சொன்னதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.
போன் அடிக்கவே இல்லை.

போன வியாழன்
அதே சவரிராஜை ஸ்டான்லி பக்கத்து ஸ்கேன் சென்டரில் இறக்கினேன்.
மாதத்தில் இரண்டாம் முறை.
பெரிய கவரோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார்.
"யார்கிட்டயும்" என்று ஆரம்பித்தார்.
முடிக்கவில்லை.
அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்திலும்
அந்த டயரை நான் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை எட்வின்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
பிரேக்கில் கால் இருக்க, இன்ஜின் தானாக அணைந்துகொண்டது.
டேங்கர் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக,
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
"மூணுல எது நல்ல வண்டி? உண்மையைச் சொல்லு."
எப்போதும் 'உங்களுதுதான் சார்' என்கிற வாய்
அன்றைக்கு, "நடு அண்ணன் வண்டி சார்" என்றது.
"அதுல ஸ்டெப்னியே கிடையாதே."
"கிடையாது சார்."
"காத்து போச்சுன்னா?"
"போனாலும் உடனே நிக்காது சார்.
எண்பது கிலோமீட்டர் ஓடும்.
மெதுவா ஓட்டணும்."

கடைசிப் பெட்டியும் போனது.
கேட் எழவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறதாம்.
ஆட்டோக்காரர்கள் ஹாரனில் கையை வைத்து மறந்துவிட்டார்கள்.
நடுக்கண்ணாடியில் எட்வினின் கண்கள்
என்னை விட்டு நகரவில்லை.
"இதுவரைக்கும் எவ்வளவு ஓடியிருக்கு?"

மீட்டரைப் பார்த்தேன்.
அது ஆடியின் மீட்டர்.