பெயர்த்தெடுத்த பெயர்

மூன்று வாரமாகக் கடைக்குப் பெயர் இல்லை.
மற்றதெல்லாம் இருந்தது.
குத்தாயிசி சந்தைக்குப் பின்தெருவில் ஓர் அறை,
ஈரம் ஊறும் ஒரு சுவர்,
ஆணியில் தொங்கும் பழைய பெல்ட்டுகள்,
லமாராவின் கைகள்.
ஓட்டல் சலவைக்கூடத்தில் பதினொரு வருடம்
மூடிமேல் வைத்த மாத்திரத்தில்
மெஷினின் வியாதியைச் சொன்ன கைகள்.
ஓட்டலை மூடிவிட்டார்கள்.
இனி அவள் பழுது பார்ப்பாள்,
நான் தூக்குவேன், வண்டி ஓட்டுவேன்.
அவ்வளவுதான் தொழில்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து
பெயர்களாக எழுதினோம்.
யூரோ மாஸ்டர், என்றேன்.
"ஐரோப்பாவுக்கு எப்போது போய்வந்தாய், பத்ரி?"
டைட்டன், என்றேன்.
"அது என் கொழுந்தனின் நாய்."
ஆற்றின் பெயரை வைக்கலாம் என்றால்
ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு மதுக்கடை
முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன.
ஆற்றுக்கே மிச்சமில்லை.
அவள் மகன் 'முத்து வெண்மை' என்றான்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்
பல் மருத்துவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், அதே பெயரில்.

உன் பெயரையே வைத்தால் என்ன?
லமாரா வெகுநேரம் ஒரு திருகைத் துடைத்தாள்.
"கடன்காரன் வாசலில் நின்று
கடையைக் கூப்பிடட்டும்.
என்னைக் கூப்பிட வேண்டாம்."

வாசலுக்கு மேலே
முன்னால் இருந்தவர்களின் பெயர் அப்படியே இருந்தது.
அப்தியாகி. மருந்துக்கடை.
பச்சைப் பிளாஸ்டிக்கில் எங்கள் லிபியின் ஏழு எழுத்து.
தினமும் யாராவது
மருந்துச் சீட்டை நீட்டினார்கள்.
நாங்கள் ஸ்பானரோடு நின்றோம்.
ஒரு பெரியவர் விடவில்லை:
"இருமலுக்காவது ஏதாவது?"

கழற்ற ஓத்தியா வந்தான், ஏணியோடு.
ஒட்டினால் எழுத்துக்கு ஆறு லரி,
கழற்றினால் மூன்று.
இடப்பக்கம் தொடங்கி மூன்றைப் பெயர்த்தான்.
ஏணியை மாற்றிப் போட்டு
வலக்கோடியில் இரண்டு.
பிறகு இறங்கி சிகரெட் பற்றவைத்தான்.

எதிர்ச்சாரியில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த லமாரா
ரொட்டியோடு ஓடிவந்தாள், மீதிச் சில்லறையை விட்டுவிட்டு.
"தொடாதே! இனி தொடாதே!"

மேலே இரண்டு எழுத்து.
இ. அ.
சேர்த்துப் படித்தால், இயா.
வயலட் பூ.
மார்ச்சில், பனி முழுக்க உருகுவதற்குள்
வேலியோரம் தலைகாட்டுமே, அது.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.
அது அங்கேயே இருந்தது,
காய்ச்சல் மாத்திரைக்கு நடுவில்.
பெயரெடுப்பது என்று சொல்கிறோமே,
இப்படிப் பெயர்த்தும் எடுக்கலாம் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

"துணி துவைக்கிற மெஷினுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?"
கேட்டது நான்.
"மருந்துக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?
மூன்று வாரம் அதன்கீழேதானே நின்றாய்."
ஓத்தியா பதினைந்து லரியை எண்ணி வாங்கினான்.
விட்டுவைத்த இரண்டுக்கும்
ஏதாவது தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.
பாதி ரொட்டி கொடுத்தோம்.

நடந்து பதினாறு மாதம்.
மகளிர் தினத்தன்று மட்டும்
பூங்கொத்து கேட்டு நாலைந்து ஆண்கள் வருகிறார்கள்,
அவசர அவசரமாக, நேரம் கடந்து.
வீட்டு மெஷின் எப்படி ஓடுகிறது என்று விசாரித்து
விலாசம் வாங்கிக்கொள்கிறாள்.

தொலைபேசியில் கேட்கிறார்கள்: "இயாதானே?"
முதலில், "ஆமாம், இயா கடை" என்றாள்.
பிறகு, "ஆமாம், கடைதான்."
நேற்று ஒருத்தி, டிரம் சுற்றவில்லை என்று அழாத குறை.
"இயா, நீயே வருவாயா?"
"வருகிறேன்," என்றாள் லமாரா,
பையை எடுத்துக்கொண்டு.

கழற்றிய ஐந்தும் பரணில், ஒரு வாளிக்குள்.
சுவரில் அவை இருந்த இடம் மட்டும்
வெயில் படாமல் இன்னும் வெளுக்கவில்லை.
கண் மங்கியவர்கள் முழுதாகப் படித்துவிட்டு
இப்போதும் படியேறி வருகிறார்கள்.
இருமல் மிட்டாய் ஒரு டப்பா
வாங்கி வைத்திருக்கிறேன்.
லமாராவுக்குத் தெரியாது.