வண்டி எடை கழித்து

ஆரம்பாக்கம் தாண்டித் தடா வருவதற்குள்
இடது கைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை.
அறுபது டன் எடை மேடை.
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
கண்ணாடிக்குப் பின்னால் நான்.

டிரைவர்களுக்கு என் பேர் காட்டா.
"ஏ காட்டா, சீட்டு!"
தெற்கிலிருந்து வருகிறவன் கொல்ட்டி என்பான்,
வடக்கிலிருந்து இறங்குகிறவன் அரவப் பொம்பளை என்பான்.
ரெண்டு பேருக்கும் சில்லறை சரியாகவே கொடுப்பேன்.

முதலில் சரக்கோடு நிறுப்போம்.
இறக்கிவிட்டு வந்தால் வெறும் வண்டி.
பெரிய எண்ணில் சின்ன எண் போக
மிஞ்சுவதற்குத்தான் காசு.
நெல்லூர் அரிசியோ ஐஸில் புதைத்த இறாலோ
எல்லாவற்றுக்கும் இதே கழித்தல்.

மாசியில் ஒரு ராத்திரி, லாரியே வராத நேரம்,
எண் பலகையை வெளியே பார்க்கத் திருப்பிவிட்டு
நானே மேடையில் ஏறி நின்றேன்.
ஐம்பது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
ஒரு சிமெண்டு மூட்டை.
செருப்பைக் கழற்றினேன், ஐம்பது.
தாலி ஏற்கெனவே கழித்தாயிற்று,
நாகபூஷணம் சூலூர்ப்பேட்டையில் வேறு வீடு பார்த்த வருஷமே.
இன்னும் எதைக் கழித்தால் நான் மிஞ்சுவேன்?
அந்தச் சிவப்பு எண் கொஞ்சம் நடுங்கியது. அவ்வளவுதான்.

அப்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பையன் நல்ல தூக்கம்.
இருட்டில் யாரோ கூப்பிட்டார்கள்:
கெங்கம்மா.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.
தமிழிலா தெலுங்கிலா என்று கேட்டாள் என் தங்கை.
பேருக்கு ஏது மொழி?
அதட்டல் இல்லை, அவசரம் இல்லை,
சீட்டுக் கேட்கவில்லை.
கடைசி 'மா' வரைக்கும் முழுசாகச் சொல்லி முடித்த குரல்.
வெளிச்சம் வந்தபோது
மேடையிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.
பலகையில் ஐம்பது.

அதற்கு முன்பே நாலைந்து ஞாயிறு
தடா ஜெபக்கூடத்துக் கடைசி வரிசையில் இருந்திருக்கிறேன்,
மின்விசிறிக்காக.
அடுத்த ஞாயிறு வாசித்தார்கள்:
கல்லறை வாசலில் ஒருத்தி அழுகிறாள்,
எதிரே நிற்கிறவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள்,
அவர் வேறொன்றும் விளக்கவில்லை,
அவள் பேரைச் சொல்கிறார்.
எனக்கு முதுகு சில்லிட்டது.
மின்விசிறி ஓடவில்லை அன்று.

பாஸ்டர் ஏசுரத்னம் நல்ல மனிதர்.
முழுக்குக்கு முந்தின வாரம் ஒரு தாள் நீட்டினார்:
ரெபேக்காள், சலோமி, எப்சிபாள்.
"ஜாத்திரை அம்மன் பேரும்மா உன்னோடது. மாத்திக்கலாமே."
எப்சிபாள் அழகாக இருந்தது.
கடையில் விலை கேட்காமல் புடவையைத் தொடுவதுபோல
வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
"ஐயா, கூப்பிட்டவர் இந்தப் பேரைத்தான் கூப்பிட்டார்.
வேற பேர்ல போய் நின்னா
வேற யாரோ வந்திருக்காங்கன்னு இருந்துடுவாரே?"
வெகு நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

தை மாதத்து ஏரி முழங்கால் ஆழம்தான்.
நம் பக்கம் பழவேற்காடு, அவர்கள் பக்கம் புலிகாட்.
எந்தப் பேருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லை.
சேற்றில் அரை கிலோமீட்டர் நடந்தும் தண்ணீர் போதவில்லை,
நான் உட்கார்ந்து சாய, அவர் மண்டியிட்டு அமுக்கினார்.
மூக்கில் உப்பு ஏறியது.
வானம் ஒன்றும் திறக்கவில்லை.
தூரத்தில் பூநாரைகள்
தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.
உள்ளங்காலைக் கிளிஞ்சல் கிழித்திருந்தது.
கெங்கைக்குள் கெங்கம்மா என்று
கரையில் எவனோ கிண்டலடித்தான். சரியாகத்தான் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரியும் ட்யூட்டி இருந்தது.
சீட்டின் அடியில் 'எடை போட்டவர்' என்று ஒரு கோடு,
இத்தனை வருஷம் கிறுக்கிவிட்டுப் போன இடம்.
நிதானமாக எழுதினேன்.

"ஏ காட்டா!" என்று குண்டூர்க்காரன் கையை நீட்டினான்.
வாங்கிப் படித்தான், என்னைப் பார்த்தான்,
ஏதோ சொல்ல வந்து தும்மினான். மிளகாய் லோடு.

"நூறு" என்றேன்,
குழந்தைக்குச் சொல்வதுபோல.
எடையில் தப்பு என்று நினைத்து
அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.