வியாழக்கிழமைக் குறிப்பு

எங்கள் ஐஸ்லாந்தில்
வியாழக்கிழமை தொலைக்காட்சிக்கு விடுமுறை.
அரசாங்கமே திரையை இருட்டாக்கி
ஒருவரையொருவர் பாருங்கள் என்று விட்டுவிடும்.
பார்த்தோம்.

நான் மருத்துவச்சி. எனக்குக் கணக்கு தெரியும்.
கல்ட்விக் துறைமுகத்தில் பிறந்ததில் பாதி
வியாழக்கிழமைப் பிள்ளைகள் என்று
மீன் ஆலையில் சொல்லிச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்துவைப்பேன்.
என் பேறுகாலக் குறிப்பேட்டில் அப்படி ஒன்றும் இல்லை.
பனி பாதையை அடைத்த மாதங்கள் இருந்தன,
படகு திரும்பிய வாரங்கள் இருந்தன.
ஏதோ ஒரு தொடரில் நர்ஸாக வந்தவளின் பெயரை
ஒரே குளிர்காலத்தில் மூன்று குழந்தைகளுக்கு எழுதினேன்.
பாதிரியார் எழுத்துக்கூட்டத் திணறினார்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால்
பாட்டுக்குழு, சீட்டாட்டம், காப்பி என்போம்.
ஓட்னியின் சமையலறையைச் சொல்லமாட்டோம்.
ஆறு இரவுகள் அவளுக்கும் தோர்கெலுக்கும் நடுவே
செய்தி வாசிப்பவர் உட்கார்ந்திருப்பார்.
ஏழாவது இரவில் அந்த நாற்காலி காலி.
ஒரு வியாழன்
அவன் கரண்டியைக் கீழே வைத்த சத்தத்துக்கே
கோட்டை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.
அணைந்த பெட்டியின் முன்னால் அமர்ந்தாள்.
கண்ணாடியில் நாங்கள் இருவரும்
குண்டாக, வளைந்து தெரிந்தோம்.
"இந்த நிகழ்ச்சி நன்றாக இல்லை" என்றாள்.

எண்பத்தேழு அக்டோபரில் வியாழனும் போயிற்று.
யாரும் அழவில்லை.
பாட்டுக்குழுவில் அடிக்குரல்காரர் இருவருக்கு
முதுகுவலி வந்தது.
தோர்கெல் பெரிய பெட்டி வாங்கினான்.
ஓட்னி வருவதை நிறுத்திக்கொண்டாள்.
அது நல்லதுதானா என்று
நான் போய்க் கேட்கவில்லை.

அந்த முதல் வியாழன் இரவே
ஸ்டெயின்வோருக்கு வலி எடுத்தது.
பையோடு நடந்தேன்.
சன்னலுக்குச் சன்னல் ஒரே நீலம்,
ஒரே நேரத்தில் சிமிட்டியது.
புருஷன் சத்தத்தைக் குறைத்தான், அணைக்கவில்லை.
"வானிலை மட்டும்" என்றான்.
படகு வைத்திருப்பவன், என்ன சொல்ல முடியும்?

ஒன்பதே காலுக்குப் பெண் பிறந்தது.
துடைத்தேன், கவிழ்த்தேன், அழவைத்தேன்.
கண் திறந்தது.
நான் தொப்புள்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
தாய் கூரையை,
தகப்பன் காற்றின் வேகத்தை.
குழந்தையை நேருக்கு நேர் பார்த்துச்
சிரித்தவள் ஒருத்திதான்.
கையில் குச்சியோடு நின்று
வடக்கே புயல் என்றாள்.