ஊமல்

நீர்வேலி என்று ஊருக்குப் பேர்.
நீருக்கு யாரும் வேலி போட்டதில்லை.
அடியில் சுண்ணாம்புக்கல், முழுக்க ஓட்டை.
என் வளவில் ஊற்றினது
அடுத்த வளவில் வாளியில் ஏறும்.

அப்படித்தான் ஏறியது.
தை மாதத்து விடியலில் ஒருநாள்
தில்லையம்பலத்தார் மதிலில் போத்தல் ஒன்றை
வைத்துவிட்டுப் போனார்.
ஒரு சொல் இல்லை.

சோடாப் போத்தல். உள்ளே இளஞ்சிவப்பு.
எனக்குத் தெரியாதா அதை?
ஐந்தாம் தொட்டி, நாற்பது கிலோ நூல்,
வவுனியாவுக்கு அனுப்பின ஓடர்.
அவர் கோயிலுக்குக் கட்டின வேட்டியும்
றோசாப்பூ நிறம் என்று
பிறகு கேள்விப்பட்டேன்.
சிரிப்பு வந்தது.
அடுத்தமுறை நினைத்தபோது வரவில்லை.

இரசாயனக் கூடத்தில் வேலைசெய்யும் கஜந்தினி
போனில் கேட்டாள்:
ஊமல் கிடைக்குமா அக்கா?

ஊமலா!
கிழங்கைப் பிடுங்கி
பூரானைத் தோண்டித் தின்றபிறகு
பாத்தியோரம் எறிந்துவிடும் ஓடு.
லாண்ட்மாஸ்டரில் பதினெட்டுச் சாக்கு ஏற்றினோம்.
காசு கேட்டவர் ஒருவர்.
குப்பை போனால் காணும் என்றவர் ஐந்துபேர்.

தார்ப்பீப்பாயில் அடைத்து
மூடிக்கு மண் பூசி
காற்றுப் போகாமல் வேகவிட்டேன்.
மிளகாய் மில்லில் அரைக்க மறுத்துவிட்டார்கள்.
உரலில் இடித்தோம், நானும்
தொட்டியில் நிற்கும் ஜெயறூபனும்.
மூக்குச் சிந்தினால் மூன்றுநாள் கறுப்பு.

நீலப் பரலில் கீழே கல்லு, மேலே மணல்,
நடுவே கரி.
முதல் வாளி மை போல வந்தது.
ஜெயறூபன் என் முகத்தைப் பார்க்காமல்
பரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நாலாவது வாளி சாம்பல்.
ஏழாவதில்
வாளியின் அடியில் எழுதியிருந்த கடைப்பேரை
வாசித்தோம்.

இந்த மண்ணிலும் ஓட்டை
இந்தக் கரியிலும் ஓட்டை.
ஒன்று விடுகிறது.
ஒன்று பிடிக்கிறது.

பிடிக்கிறதற்கும் ஒரு அளவு உண்டு.
ஒன்பதாம் நாள் பின்னேரம்
மெல்லிய சிவப்பு திரும்பி வந்தது,
வீடு தெரிந்த பூனை மாதிரி.
பழைய கரியை அள்ளிப் புதிதைப் போட்டேன்.
அள்ளினது சாக்கில் கட்டி
கொட்டிலுக்குள், மழை படாத மூலையில்.
எரித்தால் புகை.
புதைத்தால் மறுபடி கிணறு.
பதினொரு சாக்கு இப்போது.

ஆவணி பிறக்க
தில்லையம்பலத்தாரின் போத்தலைக் கழுவி
பரலிலிருந்து நிரப்பி
அதே மதிலில் வைத்தேன்.
வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
ஒரு சொட்டை நாக்கில் விட்டார்.

உவர்க்குது பிள்ளை, என்றார்.
ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை.

உப்புத்தான்.
சாயம் நூலில் ஏற
தொட்டிக்கு ஒரு மூட்டை கொட்டுகிறோமே, அது.
கரிக்கு உப்பைப் பிடிக்கத் தெரியாது.
அவருடைய வாழையில்
இலையோரம் கருகத் தொடங்கியிருந்தது.
தண்ணீர் சிவப்பாய் வந்தவரைக்கும்
வாளி வாளியாய் அவருக்குச் சாட்சி இருந்தது.
அந்தச் சாட்சியைத்தான்
நான் இவ்வளவு பாடுபட்டு
வடித்து எடுத்திருக்கிறேன்.

கஜந்தினிக்கு எடுத்தேன்.
உப்புக்கு என்ன இருக்கு?
அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை.
போனுக்குள்
யாரோ பைப்பைப் பூட்டுகிற சத்தம்.