திராட்சையை நீளவாக்கில்

முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
திராட்சையைக் குறுக்கே வெட்டாதே,
நீளவாக்கில் வெட்டு,
அந்தப் பாதியையும் இன்னொரு முறை.
குறுக்கே வெட்டினால் வட்டம் மிஞ்சும்.
வட்டம்தான் தொண்டையில் போய் உட்காரும்.

பதினோரு வருஷம் கேரவன் தொழிற்சாலையில்
ஜன்னலுக்குச் சட்டம் பொருத்தியவன் நான்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
யாரோ ஒரு குடும்பத்தின் விடுமுறைக்குள் மழை வரும்.
அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான்
நாற்பத்திரண்டு திராட்சைகளை நான்கு நான்காக்கினேன்.
ஷானிஸ் எட்டிப் பார்த்தாள்: "இன்னுமா?"
அவளுக்கு இருபத்தொன்று.
எனக்கு முப்பது.
அறைக்கு அவள் பொறுப்பு.
அறையிலேயே புதிய பொருள் நான்,
போன வாரம் வந்த மணல் மேசையை விடவும்.

ஹல் நகரத்தில் காற்று ஆற்றிலிருந்து நேரே வரும்,
யாரையும் கேட்டுக்கொண்டு வராது.
ஏழு மணிப் பேருந்தில் டெஸ்,
இரவு ஷிப்ட் முடிந்த கண்களோடு:
"எப்படிப் போகிறது ஆயா வேலை?"
சிரித்தேன். அவனும்.
தொழிற்சாலை எங்கள் இருவரையும்
ஒரே வெள்ளிக்கிழமை வெளியே விட்டது.
சம்பளச் சீட்டை மட்டும் அவனிடம் காட்டவில்லை.
பழையதில் பாதி,
அதிலும் ஒரு பிடி குறைவு.

மூன்றாவது வாரம் ஒரு அம்மா
கோட்டைக் கூடக் கழற்றாமல்
அலுவலக அறைக்குள் போனாள்.
என் மகளுக்கு டயப்பர் மாற்றுவது
அவராக இருக்க வேண்டாம்.
மரியாதையாகத்தான் சொன்னாள்.
சுவர் மெல்லிசு.
மேலாளர் என்ன சொன்னாரோ கேட்கவில்லை,
சரியாக அப்போது ஓட்டிஸ்
என் காலுறை மேல் வாந்தியெடுத்தான்.
மறுநாள் பட்டியலில் என் பெயர் இருந்தது,
எப்போதும் இருந்த இடத்தில்.

கோபம் வந்ததா என்றாள் ஷானிஸ்.
வந்தது.
என் அக்கா மகளாயிருந்தால்
நானும் போய்க் கேட்டிருப்பேன் என்பதும் கூடவே வந்தது.
இரண்டையும் கையோடு சேர்த்துக் கழுவினேன்.
இருபது விநாடி. விரலிடுக்கு. கட்டைவிரல்.

மதியம் தூங்கும் அறை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு மெத்தையாகக் குனிந்து
நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து
நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
ஒன்று பத்து. எட்டு பேர்.
ஒன்று இருபது. எட்டு பேர்.
முப்பது வருஷத்தில் நான் போட்ட
கையெழுத்துகள் எல்லாவற்றையும் விட
இந்த ஒரு குளிர்காலத்தில் போட்டது அதிகம்.
அத்தனையும் ஒரே செய்திக்கு:
மூச்சு விடுகிறார்கள்.

செவ்வாய் மதியம் படிப்பு.
கடைசி வரிசையில் இருந்தே பள்ளியை முடித்தவனுக்கு
பற்று என்ற தலைப்பில் ஆயிரம் சொற்கள்.
எழுநூற்றுப் பத்தில் நின்றுவிட்டேன்.
அதற்குப் பதில் என் குறிப்பேட்டைத் திரையில் காட்டினேன்:

*10.42. வின்னி தன் இடது காலணியைக் கொண்டுவந்து
என் மடியில் வைத்தாள்.
மாட்டிவிடச் சொல்லவில்லை.
வைத்தாள். போய்விட்டாள்.*

திரையிலிருந்து பிக்கரிங் கேட்டார்,
இதை எந்த வளர்ச்சிப் பகுதியில் சேர்ப்பீர்கள்?
உடலா, மொழியா, உறவா?
தெரியவில்லை என்றேன்.
காலணி சூடாக இருந்தது என்றேன்.
அவர் எதையோ தட்டச்சு செய்தார்.
நல்லதா கெட்டதா, இன்னும் தெரியாது.
முடிவுத் தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது.

வின்னி அந்த அம்மாவின் மகள்.
நேற்று மாலை வாசலில் சாய்வாக மழை.
கதவருகே நின்றவன் நான் மட்டும்தான்.
"சாப்பிட்டாளா?"
"சாப்பிட்டாள். பாஸ்தா. பிறகு திராட்சை."
ஜிப்பை இழுத்த கை நின்றது.
"முழுசாகவா?"
"நான்காக. நீளவாக்கில்."
"சரி" என்றாள்.
ஜிப் கழுத்து வரை ஏறியது.

நாளைக்கு ஸ்ட்ராபெரி.
அதற்கு வேறு விதி இருக்கிறதா என்று
ஷானிஸிடம் கேட்க வேண்டும்.