பத்தால் வகு

க்ளாக்ஸ்விக் துறைமுக அலுவலகத்தில்
புதிய சேமிப்புப் பெட்டிக்குப் பணம் கேட்கிறோம்.
பொருளாளர் ட்ரோண்டுர் விலைப்பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"நொடிக்கு ஆறு கிகாபிட், இருக்கட்டும்.
எண்பத்தொன்பதில் வாங்கினோமே, அந்த ஸ்கஸி டிஸ்க்,
அதில் இது எத்தனை?"

நான் சிரிக்கவில்லை.
அவர் கையில் இருக்கும் மரக்கால் அது.
அதில் அளந்து கொட்டத்தானே எனக்குச் சம்பளம்.

மார்யுன் அன்றிரவே கணக்கை முடித்துவிட்டாள்.
எட்டு பிட் ஒரு பைட்.
ஆறாயிரத்தை எட்டால் வகுத்தால் எழுநூற்றைம்பது மெகாபைட்.
பழைய டிஸ்குக்கு நொடிக்கு ஐந்து.
ஆக, நூற்றைம்பது.
மீதியில்லாத, மொழுமொழுவென்ற எண்.

அந்த மொழுமொழுப்புதான் எனக்கு உறுத்தியது.
இந்தக் கம்பியில் எட்டு பிட் தனியாகப் போவதில்லை.
இரண்டு பிட் துணைக்குப் போகும்.
சரக்கு சுமக்காது,
தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்ளும்.
பயணச்சீட்டு அவற்றுக்கும் உண்டு.

பத்தால் வகு, மார்யுன்.

அறுநூறு.
நூற்றிருபது.
முப்பது டிஸ்க் தாளிலிருந்து எழுந்து போயின.
"யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்றாள்
அழிப்பானைத் தேடிக்கொண்டே.

கூட்டத்தில் நூற்றிருபது என்றேன்.
ட்ரோண்டுர் தலையாட்டினார், பிறகு
"அப்படியென்றால் கீழே கிடக்கும் அந்த ஒன்றை
இதில் ஏற்றிக் காட்டு" என்றார்.

முந்நூறு மெகாபைட்.
புதிய பெட்டிக்கு அரை நொடி வேலை.
பழைய வேகத்தில் சரியாக ஒரு நிமிடம்.
கையேட்டில் அச்சிட்ட ஐந்து மெகாபைட்,
ஏட்டுச் சுரைக்காய்.
டிஸ்க் இருமியது, நின்றது, வந்த தடத்திலேயே
மறுபடி தடவியது.
மூன்று இரவுகள்.
புதிய பெட்டி வாயைத் திறந்தபடி காத்திருந்தது
யானைப் பசியோடு;
நாங்கள் பொரி பொரியாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.
இரண்டாம் இரவு ஹீட்டர் வேறு கெட்டது.
மார்யுன் கையுறையோடு தட்டச்சு செய்தாள்.

எல்லாம் அலைகளின் உயரம்.
நோல்சோய் தீவுக்கு வெளியே கட்டிவைத்த மிதவை
வானொலியில் அனுப்பியது,
நொடிக்கு முந்நூறு பிட்.
அங்கேயும் எட்டுக்கு இரண்டு துணை:
தொடங்குகிறேன் என்று ஒன்று, முடித்தேன் என்று ஒன்று.
அதையும் பத்தால்தான் வகுக்க வேண்டும்.
நொடிக்கு முப்பது பைட்.
விளையாட்டாகப் போட்டுப் பார்த்தேன்:
புதிய பெட்டி ஒன்று, மிதவை இரண்டு கோடி.
அத்தனை மிதவைக்குக் கடல் கொள்ளுமா
என்று கேட்டாள் மார்யுன், பாதித் தூக்கத்தில்.

நாலாம் நாள் காலை ட்ரோண்டுர் வந்தார்,
தொப்பியில் பனி.
"முழுசா வந்ததா?"
ஒரு செக்டார் தவிர. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்.
"அது எவ்வளவு?"

புதிய பெட்டியில் சொன்னால்
ஒரு மைக்ரோநொடிகூடத் தேறாது.
பழைய டிஸ்கில் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.
இரண்டையும் சொல்ல வாயெடுத்தேன்.
எந்த இரவு என்றார்.
ஜனவரி பதினொன்று, இரண்டே முக்காலுக்குப் பக்கத்தில்.

"அன்று ரிசீவரில் நான்தான்" என்றார்.
அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் மரக்காலை மாற்றினேன்.
மிதவையின் வேகத்தில்
பதினேழு நொடி, ட்ரோண்டுர்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
மார்யுன் கோப்பையை மேசையில் வைக்காமல் பிடித்திருந்தாள்.
சிவப்பு முள் நடந்தது.
ஒன்பதைத் தாண்டும்போதே நீளமாகத் தெரிந்தது.
பதினேழில் அவர் மூக்கைச் சிந்தினார்,
பேனாவைத் திறந்தார்,
எங்கே கையெழுத்து என்றார்.